காலையில் மட்டும் விழுந்த சுருள்

மிஷின் மேல்தான் தப்பு என்று முதலில் சொன்னவன் நான். கடைசிவரை அதையே பிடித்துக்கொண்டு தொங்கியவனும் நான்தான். முப்பத்திநாலு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்திருக்கிறேன். எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் வாசலிலேயே காவலாளி ஆரம்பித்துவிடுவார், "யாரோ பட்டனை மாத்தி அமுக்கிட்டாங்க சார்" என்று. அந்தப் பேச்சை நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. மனிதர்களைக் குறை சொல்வது சோம்பேறியின் வேலை, பெட்டியைத் திறந்து பார்த்தால் எங்கேயாவது ஒரு திருகு தளர்ந்திருக்கும் என்பது என் கட்சி. அந்தக் கட்சியை வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

என் மனைவி தைப்பவள். ஊரார் சட்டை, ரவிக்கை எல்லாம் தைத்து அலுத்துப்போய், கடந்த பன்னிரண்டு வருடமாகக் கில்ட் மட்டும்தான் தைத்தாள். மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த ஒரு விரிப்பு, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி; மூன்றையும் ஒன்றாகப் பிடித்து மேலிருந்து வரி வரியாகத் தைக்க வேண்டும். ஜன்னல் ஓரம் மிஷின், பக்கத்தில் நீள மேஜை, நூல்கண்டுகள் அடுக்கிய ஒரு பலகை. அந்த அறைக்குள் நான் போனால் "எதையும் தொடாதீங்க" என்றுதான் முதல் வார்த்தை வரும்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தினமும் காலையில் உண்மையான வேலையைத் தொடுவதற்கு முன் உள்ளங்கை அளவில் ஒரு சோதனைத் துண்டு தைப்பாள். அதே துணி, அதே பஞ்சு, அதே நூல். நாலு வரி ஓட்டிவிட்டு, திருப்பிப் போட்டு, அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பாள். பிறகு அந்தத் துண்டின் மேலேயே பேனாவால் தேதி, ஊசி நம்பர், மேல் நூல் எந்த எண்ணில் இருந்தது, தையல் எப்படி விழுந்தது எல்லாம் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவாள்.

"லேப் ரிப்போர்ட் வந்தாச்சா?" என்று நான் கேட்பேன்.

"நார்மல். போய் டீ போடுங்க" என்பாள்.

சாயங்காலம் மிஷினை மூடும்போது இன்னொரு பழக்கம். துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டுக்கு அடியில் ஒரு பழைய துணித்துண்டை வைத்து, ஃபுட்டை இறக்கிவிடுவாள். துணியை நகர்த்துகிற மிஷின் பல்லில் தூசி ஏறாது, பல்லும் தேயாது என்பாள். மறுநாள் காலையில் ஃபுட்டைத் தூக்கி, துண்டை எடுத்துவிட்டு, அன்றைக்கான நூலைக் கோர்ப்பாள். இத்தனை வருடத்தில் இதை நான் ஆயிரக்கணக்கான தடவை பார்த்திருப்பேன். பார்த்தேனே தவிர கவனித்ததில்லை.

மகளுடைய புதுக் கட்டிலுக்காக ஒரு பெரிய கில்ட் ஆரம்பித்திருந்தாள். நீலமும் சாம்பலுமாகக் கட்டங்கள். அதில் கால்வாசி முடிந்திருந்த சமயம், ஒருநாள் காலை அந்த அறையிலிருந்து "ச்சே" என்று சத்தம் வந்தது. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வருவது அபூர்வம். எழுந்து போனேன். சோதனைத் துண்டைத் திருப்பிக் காட்டினாள். மேலே தையல் ஏதோ இருக்கிற மாதிரி இருந்தது. அடியில் நூல் சுருள் சுருளாகத் தொங்கிக்கொண்டிருந்தது, விரலை விட்டால் மாட்டிக்கொள்ளும்.

"மிஷின் ரிப்பேருங்க" என்றாள்.

ரிட்டயர் ஆன பிறகு எனக்கு யாரும் அவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஸ்க்ரூடிரைவரோடு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

தையல் மிஷினில் விஷயம் சின்னதுதான். மேல் நூலும் அடி நூலும் நடுப் பஞ்சுக்குள் சந்தித்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் நூலை இரண்டு சிறிய தட்டுகள் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடி விட்டுப்போனால் மேல் நூல் இஷ்டத்துக்கு ஓடி அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். அசிங்கம் தெரிவது அடியில், கோளாறு இருப்பது மேலே. பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் இது எனக்குப் புரிந்துவிட்டது. ஃபுட்டைத் தூக்கி, தட்டுகளுக்கு நடுவே ஒரு துணி நாடாவை விட்டு இழுத்தேன். கொஞ்சம் பஞ்சுத் தூசி வந்தது. வெற்றி என்று நினைத்தேன். நூலைக் கோர்த்து ஓட்டினேன், அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி விழுந்தது.

"பாத்தியா" என்றேன்.

"நீங்க இல்லன்னா இந்த வீடு ஓடுமா" என்றாள். கிண்டல்தான். ஆனாலும் எனக்கு அன்றைக்கு முழுக்க வயிறு நிறைந்திருந்தது.

மறுநாள் காலை மறுபடியும் சுருள்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் நான் அந்த மிஷினோடு மல்லுக்கட்டினேன். ஊசியை மாற்றினேன். நூலை மாற்றினேன், நூல்கடைக்காரரிடம் போய்ச் சண்டையும் போட்டேன். அடி நூலை வைக்கிற பாபின் கேஸில் இருக்கிற கடுகளவு திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகிப் பார்த்தேன். பிறகு பாபின் கேஸையே மாற்றினேன். நான் உட்கார்ந்து ஓட்டினால் ஒழுங்காக இருக்கும். மறுநாள் காலையில் அவள் உட்கார்ந்தால் மக்கர் பண்ணும். லிஃப்டிலும் இப்படிப்பட்ட கோளாறு உண்டு, ஆள் வந்து நின்றால் நல்ல பிள்ளையாகிவிடும். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

காலையில் மட்டும்தான் வருகிறது என்பதை நோட்டில் குறித்துவைத்துக் கண்டுபிடித்தேன். காலையில் குளிர். குளிரில் எண்ணெய் இறுகும், தட்டு சரியாக மூடாது. அடடா, என்ன மூளை என்று என்னையே மெச்சிக்கொண்டேன். தினமும் அவள் வருவதற்கு முன்னால் ஃபுட்டைத் தூக்கி, அடியிலிருந்த துண்டை எடுத்துவிட்டு, மேஜை விளக்கை மிஷின் தலைக்குப் பக்கத்தில் வைத்து அரைமணி நேரம் சூடு காட்டினேன்.

"மிஷினுக்கு ஜுரமா?" என்றாள்.

"குளிர். நீ போய்க் குளிச்சுட்டு வா."

ஒன்பது நாள் சுருளே விழவில்லை. மகளுக்குப் போன் போட்டு என் பெருமையை நானே சொன்னேன். பத்தாவது நாள் எனக்கு ரத்தப் பரிசோதனை இருந்ததால் அதிகாலையிலேயே கிளம்பிவிட்டேன், விளக்கு வைக்கவில்லை. திரும்பி வந்தால் மேஜையில் துண்டு கிடந்தது, அடியில் கொத்துக் கொத்தாகச் சுருள். பார்த்தாயா, விளக்கு இல்லாததால்தான் என்று எனக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. ஃபுட்டைத் தூக்கிவைத்த கை என்னுடையது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த நாட்களில் வேறு சிலதும் நடந்துகொண்டிருந்தது. என் மனைவி போனில் மகளிடம் "சாப்பிட்டியா" என்று ஒரே பேச்சில் மூன்று தடவை கேட்டாள். போன் சரியாகக் கேட்கவில்லை என்று புதுப் போன் வாங்கினேன். பஸ்ஸில் வந்தவள் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்தே வந்தாள். போர்டு படிக்கத் தெரியவில்லை என்று கண்ணாடியை மாற்றினேன். சர்க்கரை டப்பா துணி அலமாரியில் இருந்தது. சமையலறை அலமாரித் தட்டுகள் உயரம் என்று ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு சாண் இறக்கிவைத்தேன். வீட்டில் இருந்த சாமான் ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டேன். அவளைத் தவிர.

ஒருநாள் பொறுமை போய்த் தையல் மிஷின் கடைக்காரரை வீட்டுக்கே அழைத்துவந்தேன். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் நாலு ஊசியைக் குத்தி வைத்திருப்பார். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார். என் மனைவியிடம் "அம்மா, நீங்க ஒரு தடவை கோத்துக் காட்டுங்க" என்றார். அவள் கோர்த்தாள். அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"சார், மிஷின்ல ஒண்ணுமே இல்ல. அம்மா ஃபுட்ட எறக்கி வச்சுக்கிட்டே நூல் கோக்குறாங்க. ஃபுட்டு கீழ இருந்தா தட்டு மூடியிருக்கும். நூல் உள்ள எறங்காது, மேலயே நிக்கும். அதான் பிடி கிடைக்காம—"

அவரை முடிக்கவிடவில்லை நான். முப்பது வருடமாகத் தைக்கிறவளுக்கு நூல் கோர்க்கத் தெரியாதா, உனக்கு ரிப்பேர் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போ, என் பெண்டாட்டி மேல் பழி போடாதே என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அவர் ஊசியெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"உங்க இஷ்டம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே வந்தேன். அவள் மிஷின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

"என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் தெரியாத ஆளு. மிஷின் பழசாயிடுச்சு, அவ்வளவுதான்."

"ஆமாங்க. மிஷின்தான்" என்றாள்.

அடுத்த வாரம் மகள் வந்து அவளைப் பல் டாக்டரிடம் அழைத்துப்போன அன்று, நான் ஒரு காரியம் செய்தேன். பழைய மிஷினை ஆட்டோவில் ஏற்றி அதே கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, புது மிஷின் ஒன்றை வாங்கி வந்தேன். வெள்ளை நிறம், சின்னத் திரை, பட்டனைத் தொட்டால் ஃபுட் தானே எழும், தானே இறங்கும். "பழசு நல்ல மிஷின் சார், இன்னொரு தடவை யோசிங்க" என்று அவர் சொன்னார். கோபத்தில் இருக்கிறவனுக்கு யோசனை எங்கிருந்து வரும்.

அவள் வந்து வாசற்படியிலேயே நின்றாள்.

"பழசு எங்கங்க?"

"குடுத்தாச்சு. இனிமே உனக்குத் தலைவலியே இல்ல. உக்காரு."

உட்கார்ந்தாள். வலது கை தானாக மிஷின் தலைக்குப் பின்னால் போனது. பழைய மிஷினில் ஃபுட்டைத் தூக்குகிற லீவர் அங்கேதான் இருக்கும். கை அந்த வழுவழுப்பான பிளாஸ்டிக்கை மேலும் கீழுமாகத் தடவியது. எதுவும் அகப்படவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லாருக்குங்க" என்றாள். மறுபடியும், "நல்லாருக்கு" என்றாள்.

அதன்பிறகு அவள் தைக்கவில்லை. நாளைக்கு என்பாள், தோள்பட்டை வலி என்பாள், வெளிச்சம் போதவில்லை என்பாள். நான் புது விளக்கு வாங்கினேன். பாதி முடிந்த கில்ட் நாற்காலியில் மடித்தபடியே கிடந்தது. காலையில் அவள் அறைக்குப் போவாள், ஜன்னலைத் திறப்பாள், மேஜையைத் துடைப்பாள், திரும்பி வந்துவிடுவாள்.

மகள்தான் பெரிய நரம்பு டாக்டரிடம் அழைத்துப்போனாள். நானும் முறைத்துக்கொண்டே கூடப் போனேன். அங்கே ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் போட்டாள். எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டு, மீதி இடத்தை என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். நான் அந்த டாக்டரோடும் வாதம் பண்ணினேன். பேனா சரியில்லை என்றேன், மத்தியானத்தில் அவளுக்குத் தூக்கம் வரும் என்றேன். அந்த டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நான் ஓய்கிறவரைக்கும் காத்திருந்தாள்.

"சார், இது ஒண்ணை மாத்தினா சரியாகுற விஷயம் இல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஊருக்குக் கிளம்பப் பையை மூடிக்கொண்டே சொன்னாள்.

"அந்தக் கில்ட்ட அப்படியே குடுங்கப்பா. பாதி தெச்சது போதும். அம்மா தெச்சது."

"பாதியில யாராவது குடுப்பாங்களா? நான் முடிச்சு அனுப்புறேன்."

"உங்களுக்குத் தெக்கத் தெரியுமாப்பா?"

"நேர்க்கோடுதானே. லிஃப்ட் கூட நேர்க்கோட்டுலதான் போகும்" என்றேன். அவள் சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டாள்.

மறுநாள் என் மனைவி எந்த ஊசி, எந்த எண் வைத்துத் தைத்தாள் என்று பார்ப்பதற்காகப் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். இத்தனை வருடத்தில் அதற்குள் நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கிண்டல் பண்ணினதோடு சரி. மேலாக இருந்த துண்டுகளை எடுத்து மேஜை மேல் தேதி வாரியாகப் பரப்பினேன்.

முதல் சிலவற்றில் வழக்கமான கணக்குதான். ஊசி 90, மேல் நூல் 4, அடியில் சுருள். மேல் நூல் 5, சுருள். 6, சுருள். அதற்கடுத்த துண்டில் ஒரு பக்கம் சுருளாகவும் இன்னொரு பக்கம் சுத்தமாகவும் இரண்டு வரிசை ஓட்டியிருந்தாள். சுருள் விழுந்த வரிசைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள்: "ஃபுட்டைத் தூக்காமல் கோர்த்திருக்கிறேன். மிஷின் மேல் தப்பில்லை."

தேதியைப் பார்த்தேன். நான் பாபின் கேஸ் மாற்றியதற்கும் முந்தைய வாரம்.

பதினோரு நாள் கழித்து இன்னொரு துண்டு. "கண்டுபிடித்துவிட்டேன். ஃபுட்டைத் தூக்காததுதான் காரணம்." அதற்கு ஆறு நாள் கழித்து இன்னொன்று. "இன்றைக்குத்தான் புரிந்தது. ஃபுட்." நான் விளக்கு வைத்த ஒன்பது நாளுக்கு ஒன்பது துண்டு, ஒவ்வொன்றிலும் "சரி" என்று மட்டும். பத்தாவது துண்டில் மறுபடி முதலிலிருந்து. பேனாவை அழுத்தி எழுதியதில் துணி சுருங்கியிருந்தது: "ஃபுட் இறங்கியிருந்தால் நூல் தட்டுக்குள் போகாது. டப்பாவில் பார்த்தேன். இதை முன்னாடியே எழுதி வைத்திருக்கிறேன். நான்தான் எழுதியிருக்கிறேன்."

அதற்கு அடியில், வேறு ஒரு பேனாவில்: "இவருக்குத் தெரிய வேண்டாம்."

கடைக்காரர் வந்துபோன நாளின் துண்டும் இருந்தது. அதில் தையலே இல்லை. "மிஷின் என்றே சொல்லிக்கொள்ளலாம்" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

நான் கோபக்காரன், அழுகிறவன் இல்லை. அன்றைக்கு அந்தத் துண்டுகளை அணைத்துக்கொண்டு மேஜையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன். ஒரே கோளாறை அவள் நாலு தடவை தனியாகக் கண்டுபிடித்திருக்கிறாள். நாலு தடவையும் தனியாகப் பயந்திருக்கிறாள். பக்கத்து அறையில் நான் குளிர், எண்ணெய் என்று பெருமை பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்தால் கத்துவேன் என்றுதானே மறைத்தாள்? நூல்கடைக்காரரிடம் கத்தியதும், அந்த ஊசிப் பை மனிதரிடம் கத்தியதும் அவள் காதில் விழாமலா இருந்திருக்கும். என் வாய்க்குப் பயந்து, தன்னைப் பற்றிய சேதியை டப்பாவில் போட்டு மூடிவைத்திருக்கிறாள். அதோடு விட்டேனா? எழுதி எழுதியாவது ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மிஷினை, என் கையாலேயே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

கடைக்கு ஓடினேன். பழைய மிஷின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. கடைக்காரர் அதை விற்கவில்லை, பிரிக்கவும் இல்லை.

"கேட்டு வருவீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார்.

"அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான்" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. அவரே மிஷினை ஆட்டோ வரைக்கும் தூக்கி வந்து வைத்தார்.

கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தேன். ஃபுட்டைத் தூக்கிவைத்தேன். இனி தினமும் அவள் உட்காருவதற்கு முன்னால் அதைத் தூக்கிவைப்பதுதான் என் வேலை, வேறு வேலையே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். மிஷினின் மேல்பக்கத்தைத் தடவிக்கொடுத்தாள். யாரோ வீட்டு மிஷினைப் பார்க்கிற மரியாதையோடு "நல்ல மிஷின்" என்றாள். நூல்கண்டைக் கையில் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, எங்கே வைக்க வேண்டும் என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். லீவரைத் தேடிக்கொண்டு பின்னால் போன அந்தக் கை அன்று அசையவே இல்லை.

நான்தான் தைக்க ஆரம்பித்தேன்.

நேர்க்கோடு என்று நான் சொன்னது எவ்வளவு பெரிய திமிர் என்று அந்தக் கில்ட் எனக்குக் காட்டிக்கொடுத்தது. கனமான விரிப்பு ஒரு பக்கம் இழுக்கும், மேஜையிலிருந்து வழியும், கோடு கோணிக்கொண்டு போகும். ஒரு நாளைக்கு ஒரு வரி, சில நாள் அரை வரி. அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். மடியில் கில்ட்டின் ஒரு ஓரம் கிடக்கும், அதன் கட்டங்களை விரலால் எண்ணிக்கொண்டிருப்பாள். மாதங்கள் போகப் போகப் பேச்சு குறைந்தது. என்னைச் சில நாள் "என்னங்க" என்பாள். சில நாள் என் கையில் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்துவிட்டு, ரிப்பேருக்கு வந்த ஆள் என்று முடிவு பண்ணிவிடுவாள்.

"ரொம்ப நேரமா பாக்குறீங்களே, வீட்ல தேட மாட்டாங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தேட மாட்டாங்க. பக்கத்துலதான் இருக்காங்க" என்றேன்.

"அப்ப டீ குடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

கடைசி ஐந்து வரி பாக்கி இருந்தது. முந்தின நாள் ராத்திரி சரியாகத் தூங்காததால் கண் எரிந்துகொண்டிருந்தது. காலையில் அன்றைக்கு வேண்டிய சாம்பல் நூலைக் கோர்த்து, அவளுடைய வழக்கப்படியே ஒரு சோதனைத் துண்டு ஓட்டினேன். அதை மேஜையில் போட்டுவிட்டுக் கில்ட்டை இழுத்து உதறப் போனேன். அவள் எட்டி அந்தத் துண்டை எடுத்தாள். பல மாதமாக அவள் அந்த மேஜையிலிருந்து எதையும் தானாக எடுத்ததில்லை. நான் கையில் கில்ட்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

துண்டைத் திருப்பினாள். கட்டைவிரல் நகத்தை அடிப்பக்கத்தில் ஓட்டினாள். நகம் மாட்டியது.

"அடியில சுருள் விழுது" என்றாள். குரல் தெளிவாக, பழைய குரலாக இருந்தது. "ஃபுட்ட எறக்கி வச்சுட்டே கோத்திருக்கீங்க."

குனிந்து பார்த்தேன். நூல் தட்டுக்குள் இறங்காமல் மேலேயே நின்றிருந்தது. நேற்று மூடும்போது அவளைப் போலவே துண்டு வைத்து இறக்கியவன், காலையில் துண்டை உருவி எடுத்துவிட்டு ஃபுட்டைத் தூக்காமலேயே கோர்த்திருந்தேன்.

"ஆமா. தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

"பரவால்ல" என்றாள். முகத்தில் அவ்வளவு பரிவு. நாற்காலியை என் பக்கமாக இழுத்துக்கொண்டாள். கதவு மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் இப்படித்தான் ஆகுது. தூக்கணும்னு தெரியும், ஆனா காலையில வந்து உக்காந்தா மறந்துபோயிடுது. எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏன், கத்துவாரா?"

"கத்துவாருதான். அது கெடக்கு, அதுக்கெல்லாம் யாரு பயந்தா" என்று சிரித்தாள். "மிஷின் ரிப்பேர்னா சந்தோஷமா உக்காந்து பாப்பாரு. எனக்குன்னா தாங்க மாட்டாரு, பாவம்."

கையை நீட்டி ஃபுட்டைத் தூக்கினேன். நூலை உருவி எடுத்து மறுபடி கோர்த்தேன். கண் மங்கலாகத் தெரிந்ததில் ஊசிக்காது அகப்படவில்லை. அவள் என் கையிலிருந்து நூல் நுனியை வாங்கி, நாக்கில் நனைத்து, ஒரே தடவையில் ஊசிக்குள் விட்டாள்.

"சொல்ல மாட்டீங்கள்ல?" என்றாள்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.